மனநலப் புறநோயாளிப் பிரிவில் சிகிச்சை முடிவுகளை எடுக்கும் வரிசை: புதிய மருத்துவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தின் தாலுகா மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மனநல நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கியிருக்கும் மருத்துவர்களுக்காக இதை எழுதுகிறேன். மருந்துகளைப் பற்றி நன்றாகப் படித்தவர்கள்கூட நோயாளியின் எதிரில் அமர்ந்ததும் தடுமாறுவதைப் பார்க்கிறேன். அவர்களிடம் அறிவுக்குக் குறைவில்லை, வரிசைதான் தவறுகிறது. நோயாளி இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் ஒரு மருந்தின் பெயர் மனத்தில் தோன்றிவிடுகிறது. அதன்பிறகு கேட்கும் கேள்விகள் எல்லாம் அந்தப் பெயரை நியாயப்படுத்துவதற்கான கேள்விகளாகிவிடுகின்றன. மருந்தின் பெயர் கடைசியில் வர வேண்டும். அதற்கு முன்னால் எவையெவை, எந்த ஒழுங்கில், ஏன் வர வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் பொருள்.

நோயாளியோ உறவினரோ இதைப் படித்தால், இங்கே உள்ளதை வைத்துத் தாமாக மாத்திரையைக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். சந்தேகத்தை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

இரத்த அழுத்தமானி, வெப்பமானி, எடை பார்க்கும் கருவி, இடுப்புச் சுற்றளவை அளக்க ஒரு நாடா, சர்க்கரை பார்க்கும் கருவி ஆகியவை மேசையருகே இருக்க வேண்டும். மனநோய்க்குத் தரும் ஓலன்சபைன் போன்ற மருந்துகள் எடையையும் சர்க்கரையையும் கூட்டக்கூடியவை. முதல் நாள் எடையை எழுதாவிட்டால், மூன்று மாதம் கழித்து நோயாளி உடல் பெருத்துவிட்டதாகச் சொல்லும்போது எவ்வளவு கூடியது என்று யாராலும் சொல்ல முடியாது.

உங்கள் மருந்தகத்தில் எந்தெந்த மருந்துகள் எந்த அளவில் தடையின்றிக் கிடைக்கின்றன என்பதையும், எந்தப் பரிசோதனை உங்களிடமே முடியும், எதற்கு ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்காத மருந்தை எழுதுவது, அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்துக்குச் சிகிச்சையை மறுப்பதற்குச் சமம்.

வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும், வைத்தியரிடம் வாங்கிய லேகியம், கஷாயம் உட்பட, பையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். இந்த மாவட்டத்தில் ஒரே நோயாளி திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவரையும், ஊரில் ஒரு மருத்துவரையும், அருகில் ஒரு வைத்தியரையும் பார்த்திருப்பது சாதாரணம். இரண்டு சீட்டுகளில் இரண்டு வணிகப் பெயர்களில் ஒரே மருந்து இருப்பது பையைக் கொட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

2. முதலில் ஆபத்தைக் கேளுங்கள்

நோயின் கதையைக் கேட்பதற்கு முன்பே நான்கு விஷயங்களுக்கு விடை வேண்டும். தம்மையோ பிறரையோ தாக்கிக்கொள்ளும் அபாயம் உண்டா? நினைவு தெளிவாக இருக்கிறதா? கடைசியாக மது அருந்தியது எப்போது? சாப்பிடுகிறாரா, தண்ணீர் குடிக்கிறாரா? இவற்றில் ஒன்றுக்குக் கவலை தரும் விடை வந்தாலும் அன்றைய முடிவு மாறிவிடும் என்பதால்தான் இவை முதலில் வருகின்றன.

தற்கொலை எண்ணத்தைப் பற்றி நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாகத் தோன்றிவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. கேட்காவிட்டால் பலரும் தாமாகச் சொல்வதில்லை. "வாழ்ந்து பயனில்லை என்று தோன்றுகிறதா?" என்று தொடங்கி, சாக வேண்டும் என்ற விருப்பம், திட்டம், முன்பு முயன்றது என்று படிப்படியாகச் செல்லுங்கள். அதோடு நின்றுவிடாமல், வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் என்ன இருக்கிறது என்றும் கேளுங்கள். குலசேகரம், பேச்சிப்பாறைப் பகுதிகளில் ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கும்; வாழை பயிரிடும் வீடுகளில் பூச்சிமருந்து இருக்கும். அவற்றை அன்றே வேறு வீட்டுக்கு மாற்றவோ பூட்டி வைக்கவோ உறவினரிடம் சொல்லுங்கள். நெருக்கடியான அந்தச் சில மணி நேரத்தில் பொருள் கையில் கிடைக்காமல் இருப்பதே பல உயிர்களைக் காக்கிறது. இதே காரணத்தால் இவர்களுக்கு ஒரு வாரத்துக்கு மேல் மாத்திரை கொடுக்கக் கூடாது. மனநிலையைச் சீராக்கத் தரும் லித்தியமும் மனத்தளர்ச்சிக்குத் தரும் அமிட்ரிப்டிலினும் அளவு மீறினால் உயிருக்கு ஆபத்தானவை.

தற்கொலை முயற்சியைப் பதிவேட்டில் எழுதத் தயங்கும் இளம் மருத்துவர்கள் உண்டு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 115-இன்படி, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும். வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை அவரைத் தண்டிக்க இயலாது. ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். எழுதப்படாத முயற்சியை அடுத்து வரும் மருத்துவர் அறிய வழியில்லை.

மதுவைத் திடீரென நிறுத்தியவருக்கு முதல் இரண்டு நாட்களில் வலிப்பும், இரண்டாம் மூன்றாம் நாட்களில் நடுக்கத்தோடு கூடிய மனக்குழப்பமும் வரலாம். "குடியை விட்டுட்டான், ஆனா பைத்தியம் மாதிரி பேசுகான்" என்று குடும்பத்தார் சொன்னால் அது அன்றே உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டிய நிலை. குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் (வைட்டமின் பி1) கொடுக்க வேண்டும். வரிசை மாறினால் மூளைக்கு நிரந்தரச் சேதம் நேரலாம். இந்த நிலையைத் தணிக்கத் தரும் மருந்துகளில், கல்லீரல் பழுதடைந்திருந்தால் லோரசெபாம் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது.

3. உடலை விலக்காமல் மனத்துக்குப் போகாதீர்கள்

ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவருக்கு வாழ்வில் முதன்முறையாக, சில நாட்களுக்குள் மனநோய் அறிகுறிகள் தோன்றினால், அது உடல் நோய் என்று எடுத்துக்கொண்டு தேடுங்கள். இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிவது, மாலையில் குழப்பம் கூடுவது, காலையில் தெளிவாக இருப்பது, இன்று என்ன கிழமை என்று தெரியாமல் போவது ஆகியவை காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, தலையில் அடி ஆகியவற்றை நோக்கிக் கைகாட்டுகின்றன. இவர்களுக்கு மனநோய் அறிகுறிகளை அடக்கும் ஹாலோபெரிடால் ஊசி போட்டால் அமைதியாகிவிடுவார்கள். தொற்று மட்டும் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும்.

சோர்வோடும் மனத்தளர்ச்சியோடும் வருபவருக்கு இரத்தச்சோகை, சர்க்கரை, தைராய்டு, சோடியம், கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது) ஆகியவற்றைப் பாருங்கள். குழந்தை பெறும் வயதுப் பெண்களிடம் கடைசி மாதவிலக்கு எப்போது என்று கேட்காமல் சீட்டு எழுதக் கூடாது. பிரசவமான சில வாரங்களுக்குள் உறக்கமின்றி, குழம்பிய பேச்சோடு கொண்டுவரப்படும் தாயை "அடுத்த வாரம் வாருங்கள்" என்று அனுப்பிவிடாதீர்கள். அந்த நோய் மணிக்கணக்கில் மாறும். தாய், சேய் இருவருக்குமே ஆபத்து.

4. கேட்கும் முறை

இங்கே மனத்தளர்ச்சியோடு வருபவர்கள் கவலை என்று தொடங்குவது அரிது. "உறக்கமே வரமாட்டேங்கு", "நெஞ்சு படபடன்னு அடிக்கு", "மேலெல்லாம் வேதனை" என்றே தொடங்குவார்கள். அதை மறுத்து "உங்களுக்கு மனசுலதான் பிரச்சினை" என்று சொன்னால் அடுத்த முறை வரமாட்டார்கள். உடல் வேதனையை முழுமையாகக் கேட்டுவிட்டு, "இந்த வேதனை வந்த பிறகு வேலை, சாப்பாடு, ஆட்களோடு பேசுவது எல்லாம் எப்படி இருக்கிறது?" என்று நகருங்கள்.

முதலில் நோயாளியிடம் தனியாக, பிறகு குடும்பத்தாரிடம் பேசுங்கள். குடும்பம் முதலில் பேசிவிட்டால் நோயாளி அதற்குப் பதில் சொல்பவராக மாறிவிடுகிறார். மது, கடன், அடி, காதல் போன்றவை தனிமையில்தான் வெளிவரும்.

மனத்தளர்ச்சி என்று தோன்றும் ஒவ்வொருவரிடமும், குறிப்பாக இளைஞர்களிடம், தவறவிடக்கூடாத கேள்வி ஒன்று உண்டு: முன்பு எப்போதாவது, பல நாட்கள் தொடர்ந்து, உறக்கம் குறைந்தும் களைப்பே இல்லாமல், வழக்கத்துக்கு மீறிய பேச்சும் செலவும் திட்டங்களுமாக இருந்ததுண்டா? நோயாளி அக்காலத்தைத் தம் நல்ல காலமாக நினைவில் வைத்திருக்கக்கூடும். ஆகவே இதைக் குடும்பத்தாரிடமும் கேளுங்கள். மனத்தளர்ச்சியும் இத்தகைய மிகையெழுச்சியும் மாறிமாறி வரும் இருதுருவ மனநோய் உள்ளவருக்கு மனத்தளர்ச்சி மருந்தைத் தனியாகக் கொடுத்தால் அது மிகையெழுச்சியைத் தூண்டிவிடலாம். புதியவர்களின் சீட்டுகளில் நான் அதிகம் காணும் ஆபத்தான பிழை இதுவே.

5. நோயறிதலை உறுதியின் அளவோடு எழுதுங்கள்

நோயின் பெயரை மட்டும் எழுதாமல், இப்போது எதுவென்று நினைக்கிறீர்கள், வேறு எதுவாக இருக்கலாம், எது தெரியவந்தால் உங்கள் எண்ணம் மாறும் என்று மூன்று வரி எழுதுங்கள். உதாரணமாக: "மிதமான மனத்தளர்ச்சி, மதுவால் வந்ததாகவும் இருக்கலாம், நான்கு வாரம் மது இன்றி இருந்தும் நீடித்தால் மனத்தளர்ச்சி என்பது உறுதியாகும்." பெயர் ஒருமுறை சீட்டில் ஏறிவிட்டால் அடுத்தடுத்த மருத்துவர்கள் அதை அப்படியே பெயர்த்தெழுதுவார்கள். சந்தேகமும் கூடவே எழுதப்பட்டிருந்தால்தான் யாரேனும் மீண்டும் கேட்டுப் பார்ப்பார்கள்.

6. மருந்துக்கு முன் நோயாளியின் நாளை எழுதுங்கள்

இந்தப் படியைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். எத்தனை மணிக்கு எழுகிறார், என்ன வேலை, எங்கே சாப்பிடுகிறார், எப்போது உறங்குகிறார், யார் உடன் இருக்கிறார்கள் என்பதை எழுதிய பிறகே மருந்தை நினைக்க வேண்டும். வேலையின் கூறுகள் மருந்தின் அளவையும் நேரத்தையும் மட்டுமன்றி, சில வேளைகளில் மருந்தையே மாற்றிவிடும்.

ரப்பர் பால் வெட்டுபவர் விடியலுக்கு வெகு முன்பே எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கூர்மையான கத்தியோடு சரிவில் ஏறுகிறார். அவருக்கு "இரவு பத்து மணிக்கு ஒன்று" என்று மயக்கம் தரும் ஓலன்சபைனோ மிர்டாசபைனோ எழுதினால், மயக்கம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் அவர் மரத்தடியில் நிற்பார். இரண்டு நாளில் மாத்திரையை நிறுத்திவிடுவார்; நீங்கள் அவரை ஒத்துழைக்காத நோயாளி என்று எழுதுவீர்கள். மாலை ஆறரை, ஏழு மணிக்கு உணவோடு எடுக்கச் சொன்னாலே பாதிச் சிக்கல் தீரும். மீதிக்கு, மயக்கம் குறைந்த மருந்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

தூத்தூர், வள்ளவிளை, இரயுமன்துறைப் பகுதிகளின் ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் கடலில் இருப்பவர்கள். லித்தியத்தின் நன்மைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறைவு. வியர்வை, வாந்தி, வயிற்றுப்போக்கு, குறைந்த தண்ணீர் ஆகியவற்றால் இரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். உடல்வலிக்கு விழுங்கும் டைகுளோபெனாக், இபுபுரூஃபென் மாத்திரைகளும் அதையே செய்யும். படகில் இரத்தப் பரிசோதனைக்கு வழியில்லை. ஆகவே இத்தகையவருக்கு லித்தியம் எழுதுமுன், கரையில் இருக்கும் காலம் எவ்வளவு, வலிக்கு என்ன மாத்திரை விழுங்குகிறார், கை நடுக்கமும் தள்ளாட்டமும் வந்தால் மாத்திரையை நிறுத்திக் கரைக்குச் செய்தி சொல்ல ஆள் உண்டா என்று கேளுங்கள். விடை திருப்தியாக இல்லையென்றால் வேறு மருந்தே நல்லது.

வளைகுடா நாடுகளுக்குத் திரும்பப் போகிறவரிடம் பயணத் தேதியைக் கேளுங்கள். பதற்றத்தைத் தணிக்கும் குளோனசெபாம் போன்ற மாத்திரைகளை அந்நாடுகளுக்குக் கொண்டுசெல்லக் கடுமையான கட்டுப்பாடுகள் உண்டு. உரிய அனுமதியும் மருத்துவச் சான்றும் இல்லாமல் பையில் வைத்திருப்பவர் சிறைக்குப் போக நேரிடும். முந்திரித் தொழிற்சாலைப் பெண்களுக்கு ஒரு மருத்துவமனை நாள் என்பது ஒரு நாள் கூலி. மறுவருகையை அவர்களிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். நோன்பிருப்பவருக்கு மாத்திரைகளை மாலையிலும் பின்னிரவிலும் எடுக்கும்படி நோன்பு தொடங்குமுன்பே மாற்றியமைக்க வேண்டும்.

பிரார்த்தனைக் கூடத்துக்கோ கோயிலுக்கோ தர்காவுக்கோ போவதைத் தடுக்க வேண்டியதில்லை. "அங்கே போனாலும் மாத்திரையை விடக்கூடாது, கட்டிவைப்பதும் பட்டினி போடுவதும் கூடாது" என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள். நீங்கள் தடுத்தால் குடும்பம் போவதை நிறுத்தாது. உங்களிடம் சொல்வதைத்தான் நிறுத்தும்.

7. இப்போது மருந்து: வேண்டுமா, எது?

முதல் கேள்வி மருந்து வேண்டுமா என்பது. அண்மையில் தொடங்கிய இலேசான மனத்தளர்ச்சிக்கு, உறக்க நேரத்தை ஒழுங்குபடுத்துவது, விட்டுப்போன வேலைகளைச் சிறு சிறு அளவில் திரும்பத் தொடங்குவது, தீர்க்கக்கூடிய ஒரு பிரச்சினையை எடுத்துத் தீர்ப்பது ஆகியவற்றோடு இரண்டு வாரத்தில் திரும்பப் பார்ப்பது சரியான சிகிச்சையே. வெறுங்கையோடு அனுப்புகிறோமே என்ற சங்கடத்தால் எழுதப்படும் மாத்திரை யாருக்கும் உதவாது.

மருந்து தேவையென்றால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொடங்குங்கள். மூன்றைச் சேர்த்துத் தொடங்கினால், எது குணப்படுத்தியது, எது தொல்லை தந்தது என்று பிறகு பிரித்தறிய முடியாது. முன்பு இவருக்கோ இவருடைய இரத்த உறவினருக்கோ பயன்பட்ட மருந்து இருந்தால் அதற்கே முன்னுரிமை.

மனத்தளர்ச்சி மருந்துகளில் இதய நோயாளிக்குச் செர்ட்ராலின் ஏற்றது. 65 வயதுக்கு மேற்பட்டவருக்கு எஸிடலோப்ராம் 10 மி.கி.யைத் தாண்ட வேண்டாம்; இவ்வகை மருந்துகள் முதியவர்களுக்குச் சோடியத்தைக் குறைக்கும் என்பதால், தொடங்கி இரண்டு வாரத்தில் அதைப் பாருங்கள். குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு, மிகையெழுச்சிக்குத் தரும் வால்ப்ரோயேட் எழுதுவதைத் தவிர்க்க வேண்டும். கருவின் தண்டுவடக் குறைபாடும் குழந்தையின் அறிவு வளர்ச்சிக் குறைவும் அதனால் வரலாம். அதுவும் கர்ப்பம் தெரியவருவதற்கு முன்பே சேதம் தொடங்கிவிடும். ஹாலோபெரிடால் எழுதும்போது, குறிப்பாக இளம் ஆண்களுக்கு, கழுத்தும் கண்ணும் ஒருபக்கம் இழுத்துக்கொள்ளக்கூடும் என்பதையும் அப்போது உடனே வர வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். சொல்லாமல் விட்டால் அந்த இழுப்பைக் கண்ட குடும்பம் எந்த மனநோய் மருந்தையும் இனி நம்பாது.

8. அளவும் காலமும்

தொடக்க அளவிலேயே மாதக்கணக்கில் நிறுத்திவைப்பதும், பத்து நாளில் பலனில்லை என்று மருந்தை மாற்றுவதும் சம அளவில் நிகழும் பிழைகள். மனத்தளர்ச்சி மருந்துகளின் பலன் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தெரியத் தொடங்கும். தொல்லைகளோ முதல் வாரத்திலேயே வந்துவிடும். குமட்டல், பதற்றம் ஆகியவை முதலில் வந்து தணியும், நிம்மதி பிறகு வரும் என்று முன்கூட்டியே சொன்னவரின் நோயாளிகள்தாம் திரும்பி வருகிறார்கள். இளைஞர்களுக்கு முதல் சில வாரங்களில் பதற்றமும் தற்கொலை எண்ணமும் கூடலாம் என்பதால் ஒரு வாரத்திலேயே பாருங்கள்.

லித்தியம் தொடங்குமுன் சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் பார்க்க வேண்டும். தொடங்கியோ அளவை மாற்றியோ ஐந்து முதல் ஏழு நாள் கழித்து, கடைசி மாத்திரைக்குப் பின் 12 மணி நேரத்தில் இரத்தம் எடுக்க வேண்டும். காலை மாத்திரையை விழுங்கிவிட்டு வந்தவரின் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும். அதை நம்பி மருந்தைக் குறைத்து, நோய் திரும்புவது அடிக்கடி நடக்கிறது. பராமரிப்புக்குப் பெரும்பாலும் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் போதும்.

குளோனசெபாம், லோரசெபாம், அல்பிரசோலம் வகை மாத்திரைகளுக்கு, தொடங்கும் நாளிலேயே நிறுத்தும் நாளையும் எழுதுங்கள். இரண்டு வாரம், மிஞ்சினால் நான்கு வாரம். எஸிடலோப்ராமையும் குளோனசெபாமையும் ஒரே மாத்திரையாக விற்கிறார்கள். அதை எழுதினால் பின்னதைத் தனியே குறைத்து நிறுத்த வழி இருக்காது. ஆகவே தனித்தனியாகவே எழுதுங்கள். ஆண்டுக்கணக்கில் எடுத்துவருபவருக்கு ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம். பல வாரங்களில் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும்.

9. ஒப்புதல்

நோயின் பெயர், மருந்து எதற்கு, என்ன தொல்லை வரலாம், எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்ற நான்கையும் நோயாளியிடமே சொல்லுங்கள், துணைக்கு வந்தவரிடம் மட்டுமல்ல. மனநோய் இருப்பதாலேயே ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று கொள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம் இடம் தரவில்லை. அந்தத் திறன் குறைந்திருப்பவருக்கு அவர் நியமித்த பிரதிநிதியின் துணை உண்டு. அத்தகையவரை மருத்துவமனையில் சேர்க்க அச்சட்டத்தின் 89-ஆம் பிரிவு உண்டு. உயிருக்கு ஆபத்தான அவசரத்தில் பதிவுபெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரை சிகிச்சை தர 94-ஆம் பிரிவு வழிசெய்கிறது.

"சாப்பாட்டில் கலந்து கொடுக்க ஏதாவது தாருங்கள் டாக்டர்" என்று கேட்டு வரும் தாய்மாரைக் கடிந்துகொள்ளாதீர்கள். அவர்கள் எல்லா வழியும் அடைபட்ட பிறகே அப்படிக் கேட்கிறார்கள். ஆனால் மருந்தை எழுதிக் கொடுத்துவிடவும் கூடாது. தெரியாமல் மருந்து உண்பவர் தொல்லை வந்தால் என்னவென்று அறியமாட்டார். ஒருநாள் தெரியவரும்போது வீட்டுச் சோற்றையே நம்பமாட்டார். குடியை நிறுத்தத் தரும் டைசல்ஃபிராமைத் தெரியாமல் உண்டவர் மது அருந்தினால் உயிருக்கே ஆபத்து. நோயாளியை ஒருமுறையாவது நேரில் காண வழி தேடுங்கள்: உறக்கமின்மைக்காகவோ உடல்வலிக்காகவோ வர ஒப்புவாரா? சுகாதாரச் செவிலியர் வீட்டுக்குச் சென்று பேச முடியுமா? மாவட்ட மனநலத் திட்டக் குழுவினரின் உதவி கிடைக்குமா? 14416 என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண்ணுக்குக் (டெலி-மானஸ்) குடும்பத்தாரே பேசி ஆலோசனை பெறலாம்.

10. மறுவருகை

"எப்படி இருக்கிறீர்கள்?" என்பதற்கு "கொள்ளாம் டாக்டர்" (நன்றாக இருக்கிறேன்) என்ற விடைதான் வரும். முதல் நாளில் எழுதிய அதே அளவுகோலால் அளங்கள். மனத்தளர்ச்சியை அளக்கும் ஒன்பது கேள்விப் பட்டியலான பி.எச்.கியூ-9 மதிப்பெண் பாதியாகக் குறைந்தால் மருந்து வேலை செய்கிறது. 5-க்குக் கீழே வந்தால் நோய் தணிந்துவிட்டது. அதோடு நோயாளி தாமே சொன்ன ஓர் இலக்கையும் கேளுங்கள்: மீண்டும் தோட்டத்துக்குப் போனாரா, பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவிட்டாரா?

பலனில்லை என்றால் உடனே மருந்தை மாற்றாதீர்கள். மாத்திரையை உண்மையில் எடுத்தாரா, மது தொடர்கிறதா, நோயறிதல் சரியா, அளவு போதுமா, காலம் போதுமா என்ற வரிசையில் சோதியுங்கள். எடுத்தாரா என்பதை "மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் ஆம் என்பார்கள், "கடந்த வாரத்தில் எத்தனை நாள் விட்டுப்போச்சு? எல்லாருக்கும் விட்டுப்போகும்தான்" என்று கேட்டால் உண்மை வரும். போதிய அளவில் நான்கு வாரம் எடுத்தும் சிறிதும் மாற்றமில்லை என்றால்தான் மருந்தை மாற்றும் கேள்வி எழுகிறது. மனச்சிதைவில் இரண்டு மருந்துகள் போதிய அளவிலும் காலத்திலும் தோற்றுவிட்டால், மூன்றாவது நான்காவது மருந்தாக அடுக்காமல், குளோசபைனுக்காக மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புங்கள். அதற்கு முதல் 18 வாரமும் வாரந்தோறும் இரத்த அணுக்களை எண்ண வேண்டும். மலச்சிக்கலையும் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும்.

11. நிறுத்துவதும் ஒப்படைப்பதும்

முதல் முறை மனத்தளர்ச்சி வந்தவருக்கு, குணமான நாளிலிருந்து ஆறு முதல் ஒன்பது மாதம் வரை மருந்தைத் தொடர வேண்டும். மீண்டும் மீண்டும் வந்தவருக்கு இரண்டு ஆண்டுகளாவது. குணமான நாளைப் பதிவேட்டில் குறித்திருந்தால்தான் இந்தக் கணக்கைப் போட முடியும். நிறுத்தும்போது படிப்படியாகக் குறைத்து, மறுபடி வந்தால் முதலில் தோன்றும் அறிகுறி எது என்று நோயாளியும் குடும்பமும் சேர்ந்து எழுதி வைத்துக்கொள்ளச் செய்யுங்கள். பெரும்பாலும் அது உறக்கம்தான்.

நோயாளி எல்லையைத் தாண்டித் திருவனந்தபுரத்துக்கோ, வேலைக்காக வெளிநாட்டுக்கோ போகிறார் என்றால், மருந்துகளின் வணிகப் பெயரை விட்டு மூலப்பெயரை எழுதி, ஒவ்வொன்றும் தொடங்கிய நாள், இப்போதைய அளவு, முன்பு பலனளிக்காதவை, ஒவ்வாமை, கடைசி இரத்தப் பரிசோதனையின் நாளும் முடிவும், நிறுத்தத் திட்டமிட்ட நாள் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதிக் கையில் கொடுங்கள். படிவம் எதுவும் வேண்டியதில்லை. புறநோயாளிச் சீட்டின் பின்பக்கமே போதும்.